பிழையில்லாத குறை

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவன் வேலை செய்யும் குளிர்பதனக் கிடங்குக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியாது. கம்ப்யூட்டர் பிரிவில் அவன் ஒருவன்தான். பிரிண்டர் நின்றாலும், திரை கறுத்தாலும், எடை மெஷின் எண்ணைக் காட்ட மறுத்தாலும், போனை எடுத்ததும் அவன் சொல்வது ஒன்றுதான்: "ஒருதடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பத்துக்கு ஒன்பது முறை அது பலித்துவிடுவதால் பெயரும் நிலைத்துவிட்டது. கிடங்கில் ரீஸ்டார்ட் என்றால் அவன்தான். மேலாளர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து ரீஸ்டார்ட் சார் என்பார்.

இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை வருஷம்தான் குப்பை கொட்டுவான்? நாலு பேர் தன்னை வேறொரு காரணத்துக்காக அறிய வேண்டும் என்ற ஆசை அவனுக்கு இருந்தது. அதற்குக் கைவசம் சரக்கும் இருந்தது. சரக்கின் பெயர் 'அடுத்தது யார்'.

'அடுத்தது யார்' என்பது அவன் எழுதிய மென்பொருள். ஆஸ்பத்திரி வார்டில் யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று டியூட்டி லிஸ்ட் போட்டுத் தரும். திறமூல வகையைச் சேர்ந்தது. அதாவது, சமைத்து வைத்ததோடு நிற்காமல் செய்முறையையும் எழுதிக் கதவில் ஒட்டி, யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், உப்புக் குறைந்தால் திருத்திவிட்டும் போங்கள் என்று விட்டுவிடுவது. இப்படிச் செய்முறைகளை ஒட்டிவைக்க இணையத்தில் ஒரு பெரிய தளம் இருக்கிறது. வருகிறவர்களுக்குப் பிடித்திருந்தால் ஒரு நட்சத்திரம் குத்திவிட்டுப் போவார்கள். ஆறு வருஷத்தில் 'அடுத்தது யார்' வாங்கியது நான்கு நட்சத்திரம். ஒன்று அவன் வீட்டிலிருந்து குத்தியது. இன்னொன்று ஆபீஸிலிருந்து அவனே குத்தியது. மூன்றாவது மைத்துனன். நான்காவது யாரோ முன்பின் தெரியாத ஆள், கை தவறி அழுத்தியிருக்கலாம். ஆனாலும் அந்த நான்காவது ஆளை அவன் மனதார நேசித்தான்.

உண்மையைச் சொன்னால், அதை அவன் உலகத்துக்காக எழுதவில்லை, மனைவிக்காக எழுதினான். அவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். அந்த வார்டில் பத்தொன்பது நர்ஸுகள். டியூட்டி லிஸ்டை ஹெட் நர்ஸ் கோடு போட்ட நோட்டில் பென்சிலால் போடுவார். அதைச் சனிக்கிழமை சுவரில் ஒட்டினால் திங்கட்கிழமை வரை சண்டை நடக்கும். கிடங்குக்கு வார விடுமுறை புதன்கிழமை. மனைவிக்கு எந்த நாள் ஆஃப் வரும் என்பது அந்தப் பென்சிலுக்கே வெளிச்சம். கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் புருஷனும் பெண்டாட்டியும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகள் வழியாகத்தான் குடித்தனம் நடத்தினார்கள். "பால் இருக்கு." "மோட்டார் போட்டாச்சு." "உன்னைப் பார்த்து ஒன்பது நாள் ஆச்சு." கடைசிச் சீட்டை எழுதியவன் ரீஸ்டார்ட்.

எழுதிய கையோடு உட்கார்ந்தவன் எட்டு மாதத்தில் மென்பொருளை முடித்தான். நைட் டியூட்டி பார்த்தவருக்கு மறுநாள் காலை டியூட்டி விழாது. ஒருவருக்கே தொடர்ந்து மூன்று ஞாயிறு போகாது. எல்லாவற்றுக்கும் அடியில் பன்னிரண்டே வரியில் ஒரு விதி: ஒவ்வொருவரும் வாரத்தில் தனக்கு வேண்டிய ஒரு நாளைச் சொல்லிவைக்கலாம், மாதத்தில் மூன்று முறையாவது அந்த நாள் அவருக்கு ஆஃப் ஆக அமையும். மனைவி புதன் என்று சொல்லிவைத்தாள். ஒரு விதியை எழுதினால் அது எதற்கு என்று பக்கத்திலேயே குறிப்பு எழுதுவது தொழில் மரியாதை. இந்த ஒரு விதிக்கு மட்டும் அவன் எழுதவில்லை. பெண்டாட்டியோடு ஒரு நாள் சேர்ந்து இருப்பதற்காக என்று ஊர் பார்க்கிற இடத்தில் எப்படி எழுதுவது? வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து புதன்கிழமை அவர்கள் இருவருக்கும் சொந்தம். பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டார்கள். படுக்கை விரிப்புகளைத் துவைப்பார்கள். இரட்டைக் கட்டில் விரிப்பைத் தனி ஆளாகப் பிழிய முடியாது. ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். தண்ணீர் அவன் காலில்தான் கொட்டும். எப்படிப் பிடித்தாலும் தன் காலிலேயே கொட்டுவதற்கு என்ன காரணம் என்று அவன் ஆறு வருஷமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். பிறகு சாப்பாடு, ஒரு தூக்கம், சாயங்காலம் காய்ந்த விரிப்பை மடித்தபடி வார்டுக் கதை. இதற்கு மேல் ஒரு புதன்கிழமையிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஒரு மாநாடு.

திறமூலக்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடி ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வார்கள். நானும் பேசுகிறேன் என்று ரீஸ்டார்ட் விண்ணப்பம் போட்டான். பதில் நான்கே வரியில் வந்தது. "தங்கள் திட்டம் உயிரோட்டத்துடன் இருப்பதாகத் தெரியவில்லை. கடைசி மாற்றம்: பதினான்கு மாதங்களுக்கு முன். திறந்துள்ள பிழைகள்: பூஜ்யம். பங்களிப்பாளர்கள்: ஒருவர்."

அவன் கடிதத்தை மனைவியிடம் நீட்டினான்.

"பிழையே இல்லன்னா மாத்தறதுக்கு என்ன இருக்கு? நல்லா இருக்கறதைப் பார்த்துச் செத்துப்போச்சுங்கறான்."

"நல்லா ஓடுதுன்னா அதுக்கு மேல என்னங்க வேணும்?" என்றாள் மனைவி. "எங்க வார்டுல இப்பெல்லாம் லிஸ்ட் ஒட்டினா யாரும் வாயே திறக்கறதில்ல."

"பத்தொன்பது பேருக்குத் தெரிஞ்சா போதுமா?"

"பத்தொன்பது பேருக்கு எங்க தெரியும்? ஹெட் நர்ஸுக்குத்தான் நியாய புத்தி வந்திருக்குன்னு நினைச்சிட்டிருக்காங்க."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அது வெந்த புண்ணில் வேலாக இறங்கியது.

அந்த நேரம் பார்த்து மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவிக்குத் தம்பி, விளம்பரக் கம்பெனியில் வேலை. மழையே பெய்யாத ஒரு வருஷத்தில் குடை விற்றுக் காட்டியவன் என்று அவனைப் பற்றி அந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு, அதைப் பரப்பியவனும் அவன்தான். கடிதத்தை வாங்கிப் படித்தான். மென்பொருளையும் திறந்து மேலும் கீழும் உருட்டிப் பார்த்தான்.

"முதல்ல பேரு. 'அடுத்தது யார்'னா கொலைக் கதை மாதிரி இருக்கு மாமா."

"பேரை மாத்த மாட்டேன்."

"சரி, இருக்கட்டும். கொலைக் கதைக்கும் ஆள் வரத்தான் செய்யுது. உங்க குறை வேற. உங்ககிட்ட குறையே இல்ல. நோயாளி இல்லாத ஆஸ்பத்திரிக்கு எந்த டாக்டர் வருவாரு?"

பிறகு அவன் விஷயத்தை விளக்கினான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இன்ன இன்ன திட்டத்தில் நான் பங்களித்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். பெரிய பிழையைத் திருத்த அவர்களுக்குத் தெரியாது. ஆகவே சின்னச் சின்னப் பிழையாகத் தேடித் தளம் தளமாக அலைகிறார்கள். ஒரு பிழையைத் திருத்தினால் அவர்கள் பெயர் பட்டியலில் ஏறும், ஏறியவர் ஒரு நட்சத்திரம் குத்துவார், நண்பர்களையும் குத்தச் சொல்வார்.

"பசியோட அலையறாங்க மாமா. நீங்கதான் போடணும்."

"இல்லாத தப்பை எங்கேருந்து போடறது?"

"நீங்களே பண்ணுங்க. உங்களைவிட யாருக்கு உங்க வீடு தெரியும்?"

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லா இருக்கற பிள்ளைக்கு எதுக்குடா ஊசி?"

"அக்கா, இதெல்லாம் தடுப்பூசி மாதிரி."

அவளுக்குத் தடுப்பூசி பற்றித் தெரியும். அதனால் மேற்கொண்டு பேசாமல் உள்ளே போய்விட்டாள்.

தப்பு செய்வது எளிது என்று நினைப்பவர்கள் வேண்டுமென்றே ஒன்று செய்து பார்க்க வேண்டும். ரீஸ்டார்ட், பல் டாக்டரிடம் போனால்கூட அங்கே சுவரில் சாய்ந்திருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவான். அப்படிப்பட்டவன் தன் கையால் தன் மென்பொருளைக் கோணலாக்க ஒரு புதன்கிழமை முழுவதும் உட்கார்ந்தான். முதல் தப்பு, பயன்பாட்டுக் கையேட்டில் மூன்றாம் படியை நீக்கி, இரண்டுக்குப் பிறகு நான்கு என்று விட்டது. அதைச் செய்வதற்குள் சட்டை நனைந்துவிட்டது. இரண்டாவது, சேமிக்கும் பொத்தானுக்குப் பின்னணியின் நிறத்தையே கொடுத்து மறைத்தது. மூன்றாவது, தலைப்பில் மட்டும் பிப்ரவரிக்கு முப்பது நாள். கணக்கில் கை வைக்கவில்லை, எல்லாம் தோலுக்கு மேலேதான். வார்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒவ்வொரு ஞாயிறு காலையும் புதிய பதிப்பைத் தானாகவே இறக்கிக்கொள்ளும்படி அவன் ஆதியில் ஏற்பாடு செய்திருந்தான். ஞாயிறு வருவதற்குள் யாராவது திருத்திவிடுவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். ஒவ்வொன்றின் மேலும் 'புதியவர்களுக்கு ஏற்ற எளிய பிழை' என்று சீட்டு ஒட்டினான். எந்தத் தப்பை எங்கே வைத்தோம் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்தான். அந்த நோட்டில் ஒரு பிழை கிடையாது.

அன்றைக்கு மனைவி இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விரிப்பின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பிழிந்தாள்.

மூன்றாம் படி காணாமல் போன செய்தி பரவி இரண்டு மணி நேரத்தில் ஏழு பேர் அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். ஒருவர் பெயர்தான் ஏறும் என்றதும் மற்ற ஆறு பேருக்கும் மனவருத்தம். அவர்களுக்காக ரீஸ்டார்ட் அவசர அவசரமாக இன்னும் ஆறு தப்பு செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மாதத்தில் பங்களிப்பாளர்கள் நாற்பது பேர். இரண்டாம் மாதம் இருநூறு. ஒருவர் ஒரு வரியின் கடைசியில் இருந்த வெற்றிடத்தை நீக்கினார். அடுத்தவர் அதைச் சேர்த்தார். இருவர் பெயரும் பட்டியலில் ஏறியது. பொத்தான் பச்சையா நீலமா என்ற கேள்விக்கு நூற்று நாற்பது கருத்துகள் வந்தன, அதில் மூன்று பேர் நிரந்தரமாகப் பேச்சை முறித்துக்கொண்டார்கள். சின்னமாக ஆந்தையை வைக்கலாம் என்று ஒரு கட்சியும், ஆந்தை சோர்வைக் குறிக்கிறது என்று எதிர்க்கட்சியும் கிளம்பின. நடத்தை விதிகள் வந்தன. அந்த விதிகளை மீறினால் விசாரிக்க ஒரு குழு வந்தது. குழுவின் மேல் புகார் வந்தால் விசாரிக்க இன்னொரு குழுவும் வந்தது. இத்தனை பேரில் டியூட்டி லிஸ்ட் என்ற ஒன்றைப் போட வேண்டிய நிலையில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

நட்சத்திரம் மூவாயிரத்தைத் தாண்டியது. ரீஸ்டார்ட்டின் பெயருக்கு முன்னால் 'நிறுவனர்' என்று போட்டார்கள். முதல் முறை அதைப் பார்த்தபோது அவன் எழுந்து போய்க் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தான்.

புகார்கள் பெருகியதால் ஒரு தன்னார்வலர் தளத்தில் தானாக ஓடும் ரோபோ நிரல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். எந்தப் புகாரிலாவது பதினான்கு நாள் அசைவு இல்லையென்றால் ரோபோ நன்றி சொல்லி அதை மூடிவிடும். பிரச்சினை தீர்ந்ததா என்று அது கேட்காது. மூடிய புகார்களின் எண்ணிக்கை ஏற ஏறத் திட்டத்தின் ஆரோக்கியம் கூடுவதாகத் தளம் காட்டியது. இந்த யோசனை மட்டும் ஆஸ்பத்திரிகளுக்குக் கிடைத்தால் நாட்டில் நோயே இருக்காது.

அப்போதுதான் ஒருநாள் ஒரு பங்களிப்பாளர், கடைசியில் இருந்த அந்தப் பன்னிரண்டு வரிகளைக் கண்டார். "வேண்டிய நாளைச் சொல்லிவைக்கும் இந்த வசதி எதற்கென்று குறிப்பு இல்லை. யாரும் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. நீக்கிவிடலாம்." ஓட்டெடுப்பு நடந்தது. முப்பத்தொரு பேர் நீக்கலாம் என்றார்கள், எதிர்ப்பு இல்லை. முப்பத்தோராவது ஓட்டு நிறுவனருடையது. அன்று காலையிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு மாற்றங்களுக்கும் அவன் படித்துப் பார்க்காமல் 'நன்றாக இருக்கிறது' என்று போட்டுக்கொண்டே வந்தான், இதற்கும் போட்டான். ஞாயிறு காலை வார்டு கம்ப்யூட்டர் விசுவாசமாகப் புதிய பதிப்பை இறக்கிக்கொண்டது.

"இந்த வாரம் எனக்குப் புதன் ஆஃப் விழலைங்க" என்றாள் மனைவி.

"ம்."

அடுத்த வாரமும் சொன்னாள். மூன்றாம் வாரம் அவன் எதிரில் வந்து நின்றாள்.

"புதன் வரவே மாட்டேங்குது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் அவங்கவங்க நாள் போயிடுச்சு. வார்டுல பழையபடி சண்டை. என்னன்னு பாருங்க."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தளத்துல புகாரா பதிவு பண்ணு."

"எதுக்கு? உங்ககிட்டதான் சொல்லிட்டேனே."

"இப்பெல்லாம் எல்லாமே முறைப்படிதான். ஒருத்தருக்கு மட்டும் நான் தனியா பார்த்துச் செஞ்சா சமூகம் என்ன நினைக்கும்?"

"நான் உங்க பெண்டாட்டிங்க."

"அதனாலதான் சொல்றேன்."

அவள் மேஜைமேல் இருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். பிறகு போய்விட்டாள். புதன்கிழமைகளில் வீடு அமைதியாக இருப்பது அவனுக்கு வசதியாகக்கூட இருந்தது. சொல்லக் கூசுகிற விஷயம்தான், ஆனால் அதுதான் உண்மை. தப்பு செய்ய ஒரு முழுநாள் கிடைத்தது. ஹெட் நர்ஸ் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு நோட்டுக்கே திரும்பிவிட்டார் என்று இன்னொரு நாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். அதற்கும் அவன் ம் என்றான். மூவாயிரம் நட்சத்திரம் வாங்கிய மென்பொருளை உலகத்தில் உபயோகித்துக்கொண்டிருந்த ஒரே ஒரு வார்டும் கையை உதறிவிட்டது என்பது அந்த ம்-மில் அடங்கிப்போயிற்று.

இந்த முறை மாநாட்டுக்கு அவன் விண்ணப்பிக்கவில்லை, அவர்களே அழைத்தார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்தார்கள்: 'உயிருள்ள ஒரு சமூகத்தை உருவாக்குவது எப்படி?' நாள், புதன்கிழமை.

அறுநூறு பேர் கொள்ளும் அரங்கம். ரீஸ்டார்ட் புதுச் சட்டை போட்டிருந்தான். மைத்துனன் முதல் வரிசையில் உட்கார்ந்து, எங்கே கை தட்ட வேண்டும் என்று பக்கத்து ஆட்களுக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தான். பேச்சு நன்றாகவே போனது. தப்பு விதைத்த கதையை மட்டும் தவிர்த்து, பணிவு, பொறுமை, பகிர்தல் என்று இருபது நிமிடம் பேசினான். பேசப் பேச அவனுக்கே அதெல்லாம் உண்மை என்று பட்டது.

முடிவில் தொகுத்து வழங்கிய அம்மாள் கேட்டார். "ஒரு சாதாரணப் பயனாளர் புகார் சொன்னா உங்க சமூகம் எப்படிக் கவனிச்சுக்குதுன்னு ஒரு உதாரணம் காட்டுங்களேன்."

"தாராளமா" என்று அவன் தளத்தைப் பெரிய திரையில் திறந்தான். வெற்றிகரமாக மூடப்பட்ட புகார்கள் என்ற பட்டியலில், ஐந்து பேர் பதில் சொல்லிச் சண்டையில்லாமல் முடிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அனுப்பியவர் பெயர் 'வார்டு 4' என்று இருந்தது. ஒலிபெருக்கியில் வாசிக்க ஆரம்பித்தான்.

"பிரிவு: குழந்தைகள் வார்டு. பிரச்சினை: புதன்கிழமை ஆஃப் வருவதில்லை. எப்போதிலிருந்து: மூன்று வாரமாக. அதற்கு முன் நிலைமை: ஆறு வருஷம் நன்றாக இருந்தது."

ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் அடுத்த நர்ஸுக்கு எழுதிவைக்கும் குறிப்பின் பாணி அது. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பாணியை அவன் இரண்டு வருஷம் படித்திருக்கிறான். குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அறுநூறு பேர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்த முடியாது.

"கொடுத்த சிகிச்சை: வீட்டில் சொல்லிப் பார்த்தேன். முறைப்படி பதிவு செய்யச் சொன்னார்கள். இப்போதைய நிலைமை: விரிப்பின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிப் பிழிகிறேன். தண்ணீர் என் காலில் கொட்டுகிறது. அவசரம்: உயிருக்கு ஆபத்தில்லை."

அரங்கம் சிரித்தது. நல்ல நகைச்சுவை உணர்வுள்ள பயனாளர் என்று நினைத்துவிட்டார்கள். திரையில் பதில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. முதல் ஆள், வருக வருக, படிவத்தை நிரப்பவும் என்றிருந்தார். இரண்டாமவர் பதிப்பு எண் கேட்டிருந்தார். மூன்றாமவருடைய கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக வேலை செய்ததாம். நான்காமவர், ஜன்னல் கம்பி நமது திட்டத்தின் வரம்புக்குள் வராது என்று நயமாகத் தெரிவித்திருந்தார். ஐந்தாவது பதில் நிறுவனருடையது, ஒரே மூச்சில் நாற்பது புகார்களுக்கு அவன் பதில் போட்ட ஒரு நாளில் எழுதியது: "ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்." அதைப் பதினொரு பேர் பாராட்டியிருந்தார்கள். அதற்கும் கீழே ரோபோ. "பதினான்கு நாளாக இதில் அசைவு இல்லை. எனவே மூடப்படுகிறது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

மைத்துனன் எழுந்து நின்று கை தட்டினான். அரங்கமே எழுந்தது. ஒரு கண்ணாடிக் கேடயத்தை ரீஸ்டார்ட்டின் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவன் சிரிக்கவில்லை. அடக்கமான மனிதர் என்று கீழே போட்டுக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான். வார்டு வாசலில் ஹெட் நர்ஸ் மேஜை. மேஜைமேல் கோடு போட்ட நோட்டு, பென்சில், ரப்பர். கம்ப்யூட்டரின் மேல் துணி போர்த்தி அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்திருந்தார்கள்.

"மேடம், பழைய பதிப்பைத் திரும்பப் போட்டுத் தரேன். பத்தே நிமிஷம்."

"வேண்டாம் சார். இதுல தப்பு வந்தா ரப்பர் போதும். உங்களதுல ஒரு வரியை அழிக்க முப்பத்தொரு பேரைக் கேக்கணுமாமே."

யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. கேடயத்தை முதுகுக்குப் பின்னால் மாற்றிக்கொண்டான். "சரி மேடம். அவளுக்குப் புதன்கிழமை மட்டும் ஆஃப் கிடைக்கற மாதிரி போட முடியுமா? அது அவளுக்கு ரொம்ப முக்கியம்."

ஹெட் நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நோட்டுக்கு மாறின முதல் வாரத்துலேருந்து அவங்களுக்குப் புதன்தான் போட்டிருக்கேன். ஆறு வருஷமா பார்த்த லிஸ்ட், எனக்கே மனப்பாடம். அவங்கதான் மாத்திக் கொடுத்துட்டாங்க."

நோட்டைத் திருப்பிக் காட்டினார். நான்கு வாரம், நான்கு புதன்கிழமை. ஒவ்வொன்றிலும் மனைவியின் பெயரை ரப்பரால் அழித்த தடம் இருந்தது, அதன்மேல் வேறொரு பெயர்.

"இந்த சிஸ்டருக்குக் கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது. வீட்டுக்காரருக்குப் புதன் லீவாம். 'எங்க வீட்ல புதன்கிழமை யாரும் இருக்கறதில்ல, நீ எடுத்துக்கோ'ன்னு கொடுத்தாங்க. உங்களுக்கும் கிடங்குல புதன் லீவுதானே சார்?"

அந்த நான்கில் அன்றைய புதன் போக மற்ற மூன்றிலும் அவன் வீட்டில்தான் இருந்தான், உள் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வார்டு வாசலில் நின்று ஒரு பெரிய மனுஷன் அழக் கூடாது என்று பக்கத்தில் இருந்த குழந்தைகள் எடை அட்டவணையை மேலிருந்து கீழாக இரண்டு முறை படித்தான்.

மனைவி தெர்மாமீட்டர் டிரேயுடன் உள்ளேயிருந்து வந்தாள். அவனைப் பார்த்தாள், கேடயத்தின் நுனியையும் பார்த்துவிட்டாள்.

"பேச்சு எப்படிங்க?"

"கை தட்டினாங்க. உன் புகாரைப் படிச்சேன்."

"எங்க?"

"மேடையில. எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் சிரிக்கறதுக்கு எழுதல."

"தெரியும். தெரியாமப் போச்சு, இப்பத் தெரியும்." அவன் தரையைப் பார்த்தான். "அது மூடிப்போச்சு. மறுபடி திறக்கலாமா?"

அவள் டிரேயை மேஜைமேல் வைத்துவிட்டு, தெர்மாமீட்டர்களை ஒன்றொன்றாகத் துடைத்தாள். ஏழு இருந்தது. ஏழையும் துடைத்து முடித்தபிறகுதான் பேசினாள்.

"திறக்கறேன். ஆனா நீங்க வெச்ச சட்டம்தான் எனக்கும். பதினாலு நாள் பார்ப்பேன். அசைவு இல்லன்னா மூடிடுவேன்."

பதினான்கு நாளில் எத்தனை புதன்கிழமை என்று கணக்குப் போட அவனுக்கு மென்பொருள் தேவைப்படவில்லை. இரண்டு.

அவள் ஹெட் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "அடுத்த புதன் எனக்கே போட்டுடுங்க மேடம்."

ஹெட் நர்ஸ் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்த பேனாவை எடுத்தார்.

"பென்சில்லயே போடுங்க" என்றாள் அவள். "அழிக்க வசதியா இருக்கும்."